கண்ணாயி காட்டு மேகம்

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த எடப்புளி நாட்டில் கண்ணாயியின் கோபத்துக்குப் பயப்படாத ஆள் கிடையாது. கல்யாணப் பந்தியிலேயே அது ஆரம்பித்துவிட்டது என்பார்கள். தேவனூர் நாட்டிலிருந்து அவளுடைய சீரைச் சுமந்து மலைப்பாதையில் நடந்து வந்த ஆட்களுக்கு அடிச்சட்டிக் குழம்பை ஊற்றினார்கள் என்று காதில் விழுந்ததும், மணப்பெண் இலையை மடித்துவிட்டு எழுந்துகொண்டாள். அவர்களுக்கு மறுபடி உலை வைத்துச் சோறாக்கிப் போட்ட பிறகுதான் மறுபடி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை சென்றாயன் அதுவரை கையில் எடுத்த கவளத்தைக் கீழேயும் போடாமல் வாயிலும் வைக்காமல் உட்கார்ந்திருந்தான்.

சென்றாயன் நல்லவன், பாடுபடுகிறவன். சரிவில் கல்லைப் பொறுக்கி வரப்புக் கட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் நாலு பேர் கூடி எதைச் சொன்னாலும், "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துக்கொள்வான். இருவருக்கும் ஒரே மகள், அம்சவேணி. அவளை அரியூர் நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஊருக்குக் கிழக்கே உயர்ந்து நின்ற கரட்டின் உச்சியில் அவர்கள் காடு இருந்தது. சாமையும் தினையும் விதைப்பார்கள். மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார்கள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஐப்பசி மழை பொய்த்துவிட்டது. தை மாசத்திலேயே ஓடைகள் வற்றத் தொடங்கின. சித்திரை பிறந்தபோது மிளகுக்கொடி தொட்டால் நொறுங்கியது. அந்தச் சித்திரையில்தான் மேகம் வந்து நின்றது.

சாதாரண மேகமாக இருந்தால் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். இது எட்டாத உயரத்தில், பஞ்சைச் சீப்பால் வாரி இழுத்துவிட்ட மாதிரி, வெள்ளைவெளேரென்று இருந்தது. காலையில் எங்கே நின்றதோ பொழுது சாயும்வரை அங்கேயேதான் நின்றது. கருக்கவும் இல்லை, கரையவும் இல்லை. சில நாள் காணாமல் போகும். மறுபடி வந்து அதே இடத்தில் நிற்கும். சில நாள் கையகலம், சில நாள் பாதி வானத்துக்கு வால் நீட்டிக்கொண்டு கிடக்கும். ஊர்க் கூட்டம் கூடுகிற மந்தையிலிருந்து கிழக்கே பார்த்தால், அது கண்ணாயியின் காட்டு மேலேயே உட்கார்ந்திருப்பது போலத் தெரியும்.

அடிவாரத்திலிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டுவந்து விற்கிற மாதேஸ்வரன், குறியும் சொல்லுவான். அவன் ஒரு நாள் மந்தையில் மூட்டையை இறக்கிவைத்து, அண்ணாந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "மழையை யாரோ கட்டி வெச்சிருக்காங்க. மேகம் எந்தக் காட்டு மேல நிக்குதோ, அந்தக் காட்டுக்காரிதான்."

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஆளாளுக்கு நினைவு வந்துவிட்டது. போன வருஷம் கோயில் பொங்கலன்று அவள் பூசாரியிடம் சண்டை போட்டாளே என்றார் ஒருவர். அவள் காட்டு ஊற்று மட்டும் ஏன் வற்றவில்லை என்றார் இன்னொருவர். மழைக் காலத்தில் அவள் கரட்டு உச்சியில் கல் நட்டதைப் பார்த்தேன் என்றாள் ஒருத்தி. அது வரப்புக்கல். அதை நட்டவன் சென்றாயன்.

கூட்டம் கூடியது. ஊர்க்கவுண்டர் சின்னுசாமி வெள்ளிப்பூண் போட்ட தடியை மடியில் வைத்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுஷர் இல்லை. காய்ந்துபோன ஊருக்கு ஏதாவது ஒரு பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர். கண்ணாயி காட்டிலிருந்து வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு முன்னாலேயே வந்திருந்த சென்றாயன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"உன்ற புருசன் ஒத்துக்கிட்டான். தப்பு நடந்துபோச்சுன்னான்" என்றார் ஊர்க்கவுண்டர். "மூணு வெள்ளிக்கிழமை தலையில முறமும் வெளக்குமாறும் வெச்சுக் கோயிலைச் சுத்தி வந்துரு. ஊர் மறந்துரும்."

கண்ணாயி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நீ என்னத்தை ஒத்துக்கிட்டே?" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை ஊரார் முன்னால் 'நீங்க' என்றே அழைத்து வந்தவள், அன்று 'நீ' என்றாள். "நான் செய்யாததை ஒத்துக்க நீ யாரு?"

"முடிஞ்சா சரின்னு பார்த்தேன், கண்ணு" என்றான் அவன் மெல்ல.

"எனக்கு முடியல." அவள் ஊர்க்கவுண்டர் பக்கம் திரும்பினாள். "முறத்தை நான் சுமக்க மாட்டேனுங்க. ஆனதைப் பாருங்க."

ஆனதைப் பார்த்தார்கள். அவள் வீட்டுக்கு நெருப்புக் கொடுப்பது நின்றது. வேலைக்கு வேலை என்று மாற்றாளாக வரப்புக் கட்ட யாரும் வரவில்லை. எதிரே வந்தவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். அரியூர் நாட்டிலிருந்து அம்சவேணி ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள், "அம்மாவைக் கொஞ்ச நாளைக்கு இங்க வர வேண்டாம்னு சொல்லுங்க, எங்க மாமியா பயப்படறாங்க." அந்தச் சொல்லைக் கேட்ட அன்று கண்ணாயி ராகி அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் அரைத்த அரைப்பில் திருகைக் கல்லின் கைப்பிடி கழன்று கையோடு வந்துவிட்டது.

அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. மலையின் உயரமான மேட்டுப் புல்வெளியில், மாசியிலிருந்து ஒரு சர்க்காரு கூடாரம் இருந்தது. ஆகாய விமானங்களுக்காகக் காற்றைப் பார்க்கிறவர்கள் என்று பேச்சு. வாயு அடைத்த இரும்புக் குழல்களை ஆட்கள் முதுகில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். தினமும் காலையில் அங்கிருந்து சிவப்பாக ஒரு பெரிய பந்து வானத்துக்குப் போகும். மேலே எதையாவது கட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், அது இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு காலையில் அவள் கூடாரத்துக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளேயிருந்து பந்து விடுகிற ஆள், வெங்கிடுசாமி, வந்தான். சேலம் பக்கத்துக்காரன், முப்பது வயசிருக்கும், முகச்சவரம் பாதியில் நின்றிருந்தது.

"ஏனுங்க, நீங்க மேல விட்டுக் கட்டினதுக்கு நான் கீழ முறம் சுமக்கோணுமா?" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. அவள் வானத்தைக் காட்டினாள். அன்று மேகம் நின்றிருந்தது. விஷயம் விளங்கியதும் அவன் சிரித்துவிட்டான். சிரித்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அடுத்த நிமிஷமே தெரிந்துகொண்டான். அவள் போட்ட சத்தத்தில் சமையல்காரன் கரண்டியோடு ஓடி வந்தான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா" என்றான் வெங்கிடுசாமி. "இது வெறும் பலூன். காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கறதுக்கு. நீங்களே பாருங்க."

முக்காலியில் நின்ற தூரநோக்கிக் கண்ணாடியில் அவளைப் பார்க்கச் சொன்னான். வெறுங்கண்ணுக்குக் கடுகாகி மறைந்துவிட்ட பலூன், கண்ணாடிக்குள் மிளகுப்பழம் மாதிரி சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நேராகக் கிழக்கே போய்க்கொண்டே இருந்தது.

"இன்னிக்கு அடியிலிருந்து உச்சி வரைக்கும் காத்து ஒரே திக்கு. இந்த மாதிரி நாள்லதான் உங்க மேகம் நிக்குது" என்றான்.

"என்ற மேகம்னு சொல்லாதீங்க" என்றாள் அவள்.

அவன் மன்னிப்புக் கேட்டான். பிறகு பக்கத்து ஓடைக்குக் கூட்டிப்போனான். நூலாக ஓடிய தண்ணீர் ஒரு உருண்டைக் கல்லின் மேல் ஏறி இறங்கி, கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன முதுகு போல எழும்பி நின்றது.

"தண்ணி ஓடிக்கிட்டே இருக்குது. ஆனா அந்த மேடு மட்டும் எடத்தை விட்டு நகரலை, பார்த்தீங்களா? காத்துக்கு நம்ம மலைதான் கல்லு. மலையில மோதி ஏறின காத்து, அதுக்கு மேல இருக்கிற காத்தையும் தள்ளிவிடுது. தள்ளு அடுக்கடுக்கா மேல போகுது. ரொம்ப உசரத்துல, பொறுக்க முடியாத குளிரு. அங்க இருக்கிற கொஞ்ச ஈரமும் தள்ளின தள்ளுல இன்னும் மேல ஏறி, உறைஞ்சு பொடியாயிருது. ஆலங்கட்டியை மாவா அரைச்சா எப்படி இருக்கும், அப்படி. காத்து அதுக்குள்ள புகுந்து போய்க்கிட்டே இருக்குது. மேகம் மட்டும் நின்ன எடத்துல நிக்குது."

"அது ஏன் கீழ விழல?"

"விழுது. பாதி வழியிலேயே காத்துல கரைஞ்சிருது. அதுல மழையே கெடையாது. யாராலும் கட்டவும் முடியாது, அவிழ்க்கவும் முடியாது."

கண்ணாயி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டாள். "அப்ப ஏன் சில நாள் இல்ல? மலை தினமும் இங்கதான இருக்குது?"

வெங்கிடுசாமி அவளைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தான். "நாளைக்கும் வாங்க" என்றான்.

அவள் மறுநாளும் போனாள், அதற்கடுத்தும் போனாள். காட்டில் வேலை இல்லை, ஊரில் பேச ஆள் இல்லை. ஒரு நாள் பலூன் முதலில் மேற்கே போய், நடு உயரத்தில் தயங்கி, அப்படியே திரும்பி அவர்கள் தலைக்கு மேலாகக் கிழக்கே போனது. அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அடிக்காற்று ஒரு பக்கமும் உச்சிக்காற்று மறுபக்கமும் போனால், மலை கொடுத்த தள்ளு நடுவிலேயே செத்துவிடுகிறது என்றான் அவன். இன்னொரு நாள் காற்று ஒரே திக்கில்தான் போனது. அன்றும் மேகம் இல்லை. மேலே ஈரம் இல்லை, காய்ந்த காற்றை எவ்வளவு தள்ளினாலும் ஒன்றும் விளையாது என்றான். ஈரம் மிகுந்த நாளில் வால் நீண்டது. காற்று வலுத்த நாளில் மேகம் தடித்தது.

"அந்த ஈரம் எங்கிருந்துங்க வருது?"

"எங்கேயோ கடல் மேல எழும்பின புயல்ல இருந்து வரலாம். ஒரு நாள் வர்றதும் ஒரு நாள் வராததும் ஏன்னு எங்க பெரிய ஆபீசுல இருக்கிறவங்களுக்கே முழுசாத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னு நீங்களாவது சொல்றீங்க" என்றாள் கண்ணாயி. "இதை வந்து எங்க கூட்டத்துல சொல்லுங்க."

அவன் முகம் மாறியது. "நான் சர்க்காரு ஆளுங்கம்மா. யுத்த வேலை. காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு உங்ககிட்டச் சொன்னதே வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும். ஊர் வழக்குல நான் தலையிட முடியாது."

அதுவரை அவன்மேல் இருந்த மரியாதையெல்லாம் அவளுக்கு ஒரு நொடியில் புகையாய்ப் போயிற்று. புருஷன் பயத்தில் பொய்யை ஒத்துக்கொண்டான். இவன் பயத்தில் நிஜத்தை மடியில் முடிந்துகொள்கிறான். என்ன வித்தியாசம்?

"நல்லா இருங்க" என்றாள். "பந்தை விட்டுக்கிட்டே இருங்க."

விறுவிறுவென்று இறங்கி, குறுக்கு வழியில் தன் காட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்க வரப்பில் நின்று, இருக்கிற கோபத்தையெல்லாம் அந்த மேகத்தின்மேல் காட்டுவதற்காக அண்ணாந்து பார்த்தாள். தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. வெறும் நீலம். மேகம் தூரத்தில், அடுத்த கரட்டுக்கு மேலே, அரியூர் நாட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

மந்தையில் நின்றால் அவள் காட்டு மேல். அவள் காட்டில் நின்றால் இன்னொருவன் காட்டு மேல். நிலா எந்த ஊரில் நின்று பார்த்தாலும் அடுத்த மலைக்குப் பின்னால்தானே முளைக்கிறது! இத்தனை நாளாக ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், அவள் காட்டுக்கு வந்து நின்று பார்க்கவில்லை. அவளும் பார்க்கவில்லை. அதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

அங்கிருந்து நேராக மந்தைக்கு நடந்தாள். ஊர்க்கவுண்டரும் ஐந்தாறு பேரும் புளியமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக வம்பு தேடி உட்கார்ந்திருக்கும் கருப்பண்ணனும் இருந்தான். தடி பாறையில் சாத்தியிருந்தது.

"எல்லாரும் என்ற காட்டுக்கு வாங்க. மேகம் எங்க நிக்குதுன்னு வந்து பாருங்க" என்றாள்.

"இங்கிருந்தே தெரியுதே" என்றார் ஊர்க்கவுண்டர்.

"அங்க வந்து பாருங்கன்னு சொல்றேன்."

"பொம்பளை கூப்பிட்டா ஊர் எந்திரிச்சு வருமா?" என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள்.

கண்ணாயி பாறைக்குப் போனாள். வெள்ளிப்பூண் தடியை எடுத்தாள். பெண்கள் தொடக்கூடாத தடி அது. அதை விறகுக் கட்டையைப் போல் தோளில் போட்டுக்கொண்டு தன் காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

ஊரே எழுந்தது. "அடியே! வெய்யி கீழ!" என்று கத்திக்கொண்டு துரத்தினார்கள். அவள் ஓடவில்லை. ஆனால் அந்தச் சரிவில் தினமும் தண்ணீர்க்குடம் சுமந்து ஏறுகிறவளை, உட்கார்ந்து உட்கார்ந்து தொந்தி வைத்தவர்களால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. வழியில் வீடுகளிலிருந்து பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். சென்றாயனும் ஓடி வந்தான்.

வரப்புக்கு வந்ததும் தடியை மண்ணில் ஊன்றினாள். "இப்பப் பாருங்க மேல!"

பார்த்தார்கள். மேலே நீலம். மேகம் அரியூர் நாட்டுப் பக்கம்.

"யாரு கட்டினது இப்ப? என்ற மக அங்கதான் இருக்கறா. அவ கட்டினாளா? வாங்க, அங்கயும் போவோம். அங்க போனா அது இன்னொரு மலைக்குப் போகும். கடல் வரைக்கும் நடந்தாலும் நமக்கு முன்னால ஒருத்தி இருப்பா முறம் சுமக்கறதுக்கு!"

ஊர்க்கவுண்டருக்கு இன்னும் மூச்சு அடங்கவில்லை. "நாம வர்றதுக்குள்ள மேகம் நகர்ந்திருக்கும்" என்றார்.

"அப்ப ஒரு ஆளைக் கீழ அனுப்புங்க. நாம இங்கயே நிப்போம்."

கருப்பண்ணனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. நான் போகிறேன் என்று சரிவில் உருண்டு புரண்டு இறங்கினான். மந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் கையை வாயருகே குவித்து, பள்ளத்தாக்கே எதிரொலிக்கக் கத்தினான்: "கண்ணாயி காட்டு மேலதாங்க இருக்குது! உங்க தலைக்கு நேரா!"

மேலே இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்தார்கள். தலைக்கு நேராக ஒரு காக்கை பறந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு பெண் கொல்லென்று சிரித்தாள். சிரிப்பு பரவியது. கண்ணாயி மட்டும் சிரிக்கவில்லை. இவ்வளவுதானா, இதைப் பார்க்காமலா என்னை இத்தனை நாள் நெருப்பில்லாமல் உட்காரவைத்தீர்கள் என்று சிரிக்கிற முகங்களை ஒவ்வொன்றாக முறைத்தாள்.

ஊர்க்கவுண்டர் தடியைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டார். "முறம் வேண்டாம். அந்தப் பேச்சு முடிஞ்சுது" என்றார். "ஆனா தடியைத் தொட்டது குத்தம். கோயிலுக்கு ஒரு கெடா குடுக்கோணும்."

"அது நான் செஞ்சது. குடுக்கறேனுங்க" என்றாள் கண்ணாயி. கிடாயை மறுநாளே ஓட்டிக்கொண்டு போய்க் கோயிலில் கட்டினாள். கொழுத்த கிடாய். பார்த்துத்தான் எடுத்தாள்.

மழை வந்துவிடவில்லை. வைகாசியும் ஆனியும் வெறுமனே போயின. ஊரே காட்டுக்கிழங்கு தோண்டித் தின்றது. ஒதுங்கி நடந்தவர்கள் மறுபடி நெருப்புக் கேட்டு வந்தார்கள். அவள் கொடுத்தாள், முகம் கொடுக்கவில்லை. சென்றாயனோடு அவள் பேசவே இல்லை. சோற்றை வைப்பாள், போய்விடுவாள். அவன் ஒரு முறை, "உனக்கு அடி விழுமோன்னுதான் ஒத்துக்கிட்டேன்" என்றான். "விழுந்திருந்தா வாங்கியிருப்பேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். ஆடியில் தூறல் விழுந்தது. விதைத்தார்கள்.

அடுத்த வருஷம் மறுபடி சித்திரை. தேவனூர் நாட்டிலிருந்து வந்த ஒருத்தி செய்தி கொண்டுவந்தாள். மாதேஸ்வரன் உப்பு மூட்டையோடு இப்போது அங்கே போகிறானாம். அங்கேயும் மேகம் நிற்கிறதாம். மாதம்மாள் என்கிற தாலியறுத்த பெண்ணை முறம் சுமக்கச் சொல்லிவிட்டார்களாம். அவள் ஒரு வெள்ளிக்கிழமை சுமந்தும் விட்டாளாம்.

கண்ணாயி அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சென்றாயன். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

தேவனூரில் அன்று இரண்டாவது வெள்ளிக்கிழமை. மாதம்மாள் கோயில் சுவரோரம் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள், சுற்றி முடித்துவிட்டிருந்தாள். தலைமுடி கலைந்து, யாரையும் பார்க்காத கண்.

"ரெண்டு வாரம் சுமந்தாச்சே, மழை எங்கங்க?" என்று கண்ணாயி அந்த ஊர்ப் பெரியவரைக் கேட்டாள்.

"இன்னும் ஒரு வாரம் இருக்குதே" என்றார் அவர்.

ஆத்திரத்தில், வாழ்நாளில் முதல் தடவையாகக் கண்ணாயிக்குப் பேச்சு வரவில்லை. அப்போது சென்றாயன் முன்னால் வந்தான். "நான் அந்த அக்காவோட காட்டுக்குப் போயி நின்னு பார்க்கறேனுங்க. மேகம் எங்க நிக்குதுன்னு அங்கிருந்து சொல்றேன். நீங்க இங்கிருந்து பாருங்க" என்றான்.

போனான். கூட்டத்தில் என்றுமே குரல் எழுப்பாதவன், எதிர்ச் சரிவில் சிறு புள்ளியாக நின்று, நரம்பு புடைக்கக் கத்தினான். "இங்க இல்லீங்க! இங்க ஒண்ணுமே இல்லீங்க! அதுக்கும் அந்தப் பக்கம் நிக்குது!" கேட்டவர்கள் கேட்டுவிட்ட பிறகும் நிறுத்தாமல் கத்தினான்.

மாதம்மாள் அதைக் கேட்டாள். மெல்ல எழுந்தாள். முறத்தை முழங்காலில் வைத்து முறிக்கப் பார்த்தாள். மூங்கில் சுலபத்தில் முறியவில்லை, மறுபடி மறுபடி மிதித்து முறித்தாள். துண்டுகளைப் பெரியவர் காலடியில் எறிந்துவிட்டு, யார் உத்தரவையும் கேட்காமல் தன் வீட்டைப் பார்த்து நடந்தாள். யாரும் தடுக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் சென்றாயனுக்குக் குரல் போய்விட்டிருந்தது. ஓர் ஊற்றங்கரையில் கண்ணாயி தேக்கிலையில் தண்ணீர் மொண்டு அவனிடம் நீட்டினாள். "மெதுவாக் குடி" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டு நாடுகளிலும் மழைக்காக எந்தப் பெண்ணையும் கூட்டத்தில் நிறுத்தவில்லை. மாட்டுக்கு நோய் கண்டால், பிள்ளை செத்துப் பிறந்தால், அதற்கு நிறுத்தத்தான் செய்தார்கள். சேதி காதில் விழுந்த போதெல்லாம் கண்ணாயி அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள்.